நீரிழிவு நரம்புச் சேதமும் நடையும்

நீரிழிவு நரம்புச் சேதம் என்பது இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் இருப்பதால் நரம்புகள் பழுதுபடும் நிலை ஆகும். நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுவதால், கால்விரல்களில் மதமதப்பும் எரிச்சலும் தொடங்கி மேல்நோக்கி ஏறும். பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரிவரப் போகாது. இருட்டில் நடக்கும்போதும், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் தள்ளாட்டம் வரும்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு விழாவையொட்டி, நேர்ந்துகொண்டவர்கள் சங்கரநாராயணர் கோயிலைப் பலமுறை சுற்றிவருவது வழக்கம். இதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். வெயிலில் காய்ந்த தரை, சூடு தெரியாத வெறும் பாதத்தில் கொப்புளத்தை உண்டாக்கும்; வலிக்காததால் அவர் சுற்றை நிறுத்தவும் மாட்டார். அவ்வூரின் விசைத்தறிகளில் நெடுநேரம் நின்று வேலை பார்க்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் பாதப்புண் வரும் இடர் உண்டு.

தொழுநோயிலிருந்து கிடைத்த பாடம்

உணர்விழந்த பாதத்தைக் காக்கும் மருத்துவம் பெரும்பாலும் தொழுநோயாளர்களிடமிருந்து கற்றதாகும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக அப்போது நம்பப்பட்டது. உண்மையில், வலி தெரியாததால் கவனிக்கப்படாமல் போகும் காயங்களே விரல்களை அழித்தன என்று அவர் காட்டினார். இரவில் எலி கடிப்பதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன!

பாதப்புண்ணுக்கு மாவுக்கட்டுப் போடும் முறையை இலங்கையில் மில்ராய் பால் 1930களிலேயே கையாண்டிருந்தார். இதில் உடல் எடை பாதம் முழுவதும் பரவுவதால், நோயாளியைப் படுக்கையில் கிடத்தாமல் நடமாடவிட்டே புண்ணை ஆற்ற முடிந்தது. பிராண்ட் இம்முறையை விரிவாகப் பயன்படுத்தினார். நுண்துளை ரப்பர் செருப்பும் இக்காலத்தில்தான் உருவானது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், இதே முறைகளை அவர் நீரிழிவுப் பாதத்துக்கும் கொண்டுசென்றார். இன்று பாதத்தில் அழுத்திச் சோதிக்கப்படும் 10 கிராம் நைலான் இழையின் அளவுகோலும் கார்வில் ஆய்விலிருந்து வந்ததே. பிர்க், சிம்ஸ் இருவரும் அதை 1986இல் வெளியிட்டனர்.

சென்னையில் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனை அமைத்தார். பாதப் பராமரிப்பு அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாக வளர்ந்தது.

நடக்கலாமா?

பாதத்தைக் காப்பதற்காக, நரம்புச் சேதம் உள்ளவர்களை நெடுங்காலம் அதிகம் நடக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் தடுத்தனர். அந்த எச்சரிக்கைக்கும் ஒரு விலை இருந்தது. நடக்காத காலில் தசை மெலியும், கணுக்கால் விறைக்கும், விழும் அச்சம் கூடும், சர்க்கரையும் ஏறும். அமெரிக்காவில் லெமாஸ்டர் குழுவினர் 79 பேரிடம் ஓராண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், கால் வலுவூட்டும் பயிற்சியும் நடையும் பாதப்புண்ணைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்று தெரிந்தது. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கூட்டறிக்கையும் மிதமான நடையை ஏற்றது. ஆறாத புண் இருப்பவர் பாதத்தில் எடை ஊன்றும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் பொருத்தமான செருப்பணிந்து நடக்கலாம். நடந்து முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். குனிந்து பார்க்க இயலாதவர் தரையில் கண்ணாடியை வைத்தும் பார்க்கலாம்.