மைனர் காடியின் முன்சக்கரமும் தோ பாயோ மாமாவும்



சரித்திரம் என்றால் அரசர்களும் போர்களும்தான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு பழைய மோட்டார் காடியின் முன்சக்கரத்திலும் சரித்திரம் உண்டு. என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் சாம்பல் நிற மோரிஸ் மைனரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஓசிச் சவாரியும் செய்திருப்பீர்கள். அதன் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் மோரிஸ் என்பவர் தொடங்கியதுதான் மோரிஸ் கம்பெனி. மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்தில் பிறந்தவர். கணக்கென்றால் அவருக்கு வேப்பங்காய். (ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது!) 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சிக்கு மைனர் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 'அகலம் போதவில்லை' என்று மாதிரிக் காடியை நெடுக இரண்டாக அறுத்து, நடுவில் நான்கு அங்குலம் கூட்டிப் பார்த்து அகலப்படுத்தினார்கள். முதலாளி மோரிசுக்கோ இந்தக் காடி பிடிக்கவே இல்லை. 'உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது' என்றாராம். அந்த முட்டைதான் பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் காடி. உற்பத்தி நிற்பதற்குள் 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இனி முன்சக்கரத்துக்கு வருவோம். லாரியில் பட்டை பட்டையாக வில் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மைனரின் முன்பக்கம் அது கிடையாது. தரைக்கு அடியில், காடியின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருக்குக் கம்பிகள் போகின்றன. டார்ஷன் பார் என்று பெயர். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் பழையபடி திரும்பும். ஊஞ்சல் கயிற்றை முறுக்கி விட்டால் திரும்பிச் சுற்றுகிறதல்லவா, அதே தத்துவந்தான். 1934இல் பிரான்சு நாட்டு சித்ரோன் காடியிலும் இது இருந்தது. தமிழ்ப் படங்களில் நாம் பார்க்கும் அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு காடியை வைத்துக் கல்கத்தா அருகே உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்டது. அதன் முன்பக்கத்திலும் இதே முறுக்குக் கம்பிதான்.

கம்பி உடைந்தால்கூடச் சமாளிக்கலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கி நிற்கும் கிங் பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகாணி மரை உண்டு. டிரன்னியன் என்னும் குமிழ்கள் அந்த மரையில் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் மரை உரசும். கிரீஸ் போடாவிட்டால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து மரையை அரைத்துத் தின்றுவிடும். ஒரு நாள் கீழ்க்குமிழ் கழன்று, சக்கரம் மடிந்து, காடி மண்டியிட்டுவிடும்.

எங்கள் அப்பாவின் காடி 1977இல் அப்படித்தான் மண்டியிட்டது. அப்பா அப்போது ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஊர் திரும்பிய சின்னத் துரையிடம் வாங்கிய 1958ஆம் வருஷத்து மைனர் அது. லயத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அதுதான் ஆம்புலன்ஸ். அன்று மழை. பின்சீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண், துணைக்கு அவர் மாமியார். செம்மண் ரோட்டு வளைவில் 'டொக்' என்று ஒரு சத்தம். வலது சக்கரம் மடிந்து காடி வடிகாலோரம் சாய்ந்தது. பால் லாரி வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. லாரியிலேயே குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் அப்பா கிரீஸ் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 'மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் தப்பித்தோம். பெரிய ரோட்டில் மடிந்திருந்தால்?' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரமே அப்பா சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினார், தோ பாயோவில் இருந்த என் தாய்மாமாவைப் பார்க்க. தோ பாயோ என்றால் 'பெரிய சதுப்பு நிலம்' என்று பொருள். 1960களில் அந்தச் சதுப்பை மேடாக்கி வீவக அடுக்குமாடிகளை எழுப்பியது. 1973இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுக்கு வந்த வீரர்களைத் தங்கவைத்ததும் அங்கேதான். மாமா பட்டறையில் ஃபிட்டர். வீடு ஒன்பதாவது மாடி.

அப்பா போன காலமும் நல்ல காலம். 1975இல் சிங்கப்பூர் அரசு, பழைய காடியைக் கழித்துப் புதியது வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை தந்தது. ஓடக்கூடிய மைனர்கள்கூட இரும்புக்கடைக்குப் போயின. அவற்றின் உறுப்புகள் தேக்காவுக்குப் பக்கத்தில், சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தையில் சாக்கின் மேல் கிடந்தன. (அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.) மாமா ஒவ்வொரு கிங் பின்னையும் கையில் எடுத்து, குமிழைத் திருகி, காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினாராம். வாங்கிய அத்தனையும் லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வந்தன.

கூடத்தில் செய்தித்தாளை விரித்து, அத்தையின் பழைய குண்டானில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். அத்தை இரண்டு நாள் பேசவில்லை! அப்பா ஒரு குமிழைத் திருகத் திருக அது ஏறவே இல்லை. மாமா சிரித்தார். "மச்சான், அது இடம்புரி. ஒரு பக்கத்துப் பின்னுக்கு வலம்புரி மரை, மறு பக்கத்துக்கு இடம்புரி. பலவந்தம் பண்ணினா மரை போயிடும், பாருங்க." பூட்டி முடித்த இரண்டு பக்கத்தையும் கோணிப்பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அப்பா ஊர் திரும்பினார். பின்னாலேயே மாமாவும் லீவு போட்டு வந்தார்.

எங்கள் வீட்டு மாமரத்தடியில் காடியை ஜாக்கியில் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்தார்கள். இந்த வேலையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிற்கும் காடியில் முறுக்குக் கம்பி முறுக்கேறியே இருக்கும். கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கி, மேல்பக்கம் கழற்றி, ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்கித்தான் முறுக்கைத் தணிக்க வேண்டும். அவசரப்பட்டால் கை போய்விடும். இடப்பக்கக் கம்பியை வலப்பக்கம் மாட்டவும் கூடாது. அது பழகிய திசையிலேயே முறுக வேண்டும். கடைசியாக, ரப்பர் புஷ்ஷின் நட்டுகளைக் காடி தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துபோகும். எல்லாம் முடிய மூன்று நாள் ஆயிற்று.

அன்று முதல் அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார். ஆயிரம் மைலுக்கு ஒரு முறை கிரீஸ். தேதி, மைல், கையெழுத்து. அவர் காலமான பிறகு நான் எழுதுகிறேன். சென்ற விடுமுறையில் தோ பாயோ போனபோது மாமாவிடம் காட்டினேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க ஒரு தடவை விட்டுப் போயிருக்கேப்பா" என்றார். என் கல்யாண வருஷம் அது!

பரிசளிப்பு விழாவன்று காடியைப் பள்ளித் திடலில் நிறுத்துவேன். மாணவர்கள் குனிந்து முறுக்குக் கம்பியைப் பார்க்கலாம். சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லலாம். லாரியில் பிறந்த அந்தக் குழந்தையின் மகள் இப்போது நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. முதலில் ஆட்டிப் பார்ப்பது அவள்தான் என்று ஏற்கெனவே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.