வரியைத் தள்ளி எழுதிய கதை

சென்னைக்குத் தெற்கே பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கும் கணிப்பொறி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒழுங்காயிருந்த புரோகிராமை எடிட்டரில் ஒட்டியதும் வரிகள் மாடிப்படிபோல் சரிந்த கதையைச் சிலராவது சொல்வார்கள்.

1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தபோது புரோகிராம்கள் அட்டையில் துளையிடப்பட்டன. அட்டைக்கு 80 கட்டங்கள். ஃபோர்ட்ரான் கட்டளை 7 முதல் 72-க்குள் அடங்க வேண்டும். 6-ஆம் கட்டத்தில் தவறி ஓர் எழுத்து விழுந்தால், அதை முந்தைய அட்டையின் தொடர்ச்சியாகவே இயந்திரம் கொள்ளும். அன்று இடம் விட்டது அழகுக்காக அல்ல!

பின்வந்த பல மொழிகள் இக்கட்டுப்பாட்டை நீக்கின. ஆயினும் படிப்பவர் கண்ணுக்காக வரியைத் தள்ளி எழுதும் வழக்கம் நிலைத்தது. 1976-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கத் தொடங்கிய 'வி.ஐ.' எடிட்டர் இந்த வேலையைத் தானே ஏற்றது. முந்தைய வரியில் எத்தனை இடமோ, புது வரியிலும் அத்தனை. வேண்டாமென்றால் கண்ட்ரோல்-டி அழுத்தி ஒரு படி பின்வாங்கலாம்.

ஆனால் தட்டிய எழுத்தும் ஒட்டிய எழுத்தும் அதற்கு ஒன்றே. ஒட்டும் வரிகளில் ஏற்கெனவே 4 இடம் உண்டு. எடிட்டரும் தன் பங்கைச் சேர்க்க, அடுத்த வரி 8, அதற்கடுத்தது 12! 1991-இல் கைடோ வான் ராஸம் வெளியிட்ட பைத்தான் மொழியிலோ இடைவெளியே பொருளைத் தீர்மானிக்கிறது. படி பிசகினால் புரோகிராம் ஓடாது, அல்லது தவறாக ஓடும்.

'விம்' எடிட்டரில் இதை நிறுத்த 'செட் பேஸ்ட்' கட்டளை உண்டு. வேலை முடிந்ததும் அதை விலக்க மறப்பது நம் வழக்கம்! பின்னர் வந்த விம் பதிப்புகளில், ஒட்டும் எழுத்தின் முன்னும் பின்னும் டெர்மினல் அனுப்பும் குறியைக் கண்டு எடிட்டர் தானே கையைக் கட்டிக்கொள்கிறது.