புதுச்சேரி சம்பா கோயில் சுவர்: 1745-ஆம் ஆண்டு முறையீடும் மறைநூல் நம்பிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரிச் சம்பா கோயிலுக்குள் சாதியால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1745-இல் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அதைப் பதிவு செய்துள்ளது. ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களுக்குப் பகைச்சூழல் கோயிலுக்கு வெளியே மட்டுமன்றி உள்ளேயும் இருந்தது என்பதையும், மறைநூல்வழிப் பெற்ற நம்பிக்கையே அவர்களின் முறையீட்டுக்கு அடிப்படையாயிற்று என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சம்பா கோயில், ஆனந்தரங்கப் பிள்ளை, சாதி, இயேசு சபை, மறைநூல்.

முன்னுரை

புதுச்சேரிக் கிறித்தவத்தின் இடர்களை எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருவன போர்களே. இயேசு சபையினர் 1692-இல் எழுப்பிய கோயில், மறு ஆண்டு டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது அழிந்தது. பின்னர் எழுந்த கோயில், 1761-இல் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் தகர்க்கப்பட்டது. இன்றுள்ள கோயில் 1791-இல் நிறைவுற்றது. புனித பவுலைக் குறிக்கும் ‘சான் பவுலோ’ என்ற போர்த்துகீசிய வழக்கே மக்கள் நாவில் ‘சம்பா’ எனத் திரிந்தது.

இவ்விரு அழிவுகளும் பகைவரால் நேர்ந்தவை. இக்கட்டுரை ஆராயும் சுவரோ நம்பிக்கையாளர்களே எழுப்பியது.

சான்றின் தன்மை

இந்நிகழ்வுக்கு முதன்மைச் சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பாகும். பிள்ளை கிறித்தவர் அல்லர். அக்காலத்துத் தலைமைத் துபாசியான கனகராய முதலியார் கிறித்தவர். அவர் மறைந்தபின் அப்பதவி பிள்ளைக்கு வந்தது. ஆகவே கிறித்தவர்களின் உட்பூசலைப் பிள்ளை விலகி நின்றே நோக்குகிறார். சில இடங்களில் ஏளனமும் தொனிக்கிறது. எனினும் ஒடுக்கப்பட்டோரின் வாதத்தை உயர்த்திக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவ்வாதத்தை அவர் எழுதிவைத்திருப்பதே அதன் நம்பகத்தன்மைக்கு வலுச் சேர்க்கிறது.

சுவரின் பின்னணி

சாதி வழக்கங்களைத் திருச்சபை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்ற வினா, புதுச்சேரியிலிருந்தே உரோமை வரை சென்ற ஒன்று. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1703-இல் இந்நகரில் இறங்கி, 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பறையர் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் மறுக்கலாகாது என்பதும் அதில் அடங்கும். மலபார் சடங்குகள் பற்றிய இவ்வழக்கு நாற்பது ஆண்டுகள் நீண்டது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744-இல் இறுதி ஆணை வழங்கினார். அதுவும் சாதிப் பிரிவை வேரறுக்கவில்லை. பறையருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் இயேசு சபையினரின் ஏற்பாட்டுக்கு இசைவளித்தது. சம்பா கோயில் சுவர் பற்றிய முறையீடு அடுத்த ஆண்டே எழுந்தது.

1745: முறையீடும் இடிப்பும்

1745 அக்டோபர் மாதக் குறிப்பில் பிள்ளை தரும் செய்தி இது. கோயிலின் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒருபுறம் பறையர் கிறித்தவரும், மறுபுறம் உயர்சாதியினரும் ஐரோப்பியரும் நின்று வழிபட்டனர். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவரின் தூண்டுதலால் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒன்றுதிரண்டு தலைமைக் குருவிடம் சென்றனர். தாங்களும் அவருடைய சீடர்களே என்றும், ஆண்டவர் தம்மை வழிபடுவோரிடையே வேறுபாடு பாராட்டுவதில்லை என்றும், வேறுபாட்டைச் செய்தவர் மனிதரே என்றும் முறையிட்டனர். முறையீட்டின் நியாயத்தை உணர்ந்த குரு சுவரை இடிக்கச் செய்தார்.

உயர்சாதிக் கிறித்தவர்கள் இதை ஏற்கவில்லை. குருக்களோடு பூசல் மூண்டது. கூட்டமாகக் கூடிப் பேசுவோரைச் சிறைப்பிடிக்குமாறு ஆளுநர் துய்ப்ளே சேவகரை நிறுத்தும் அளவுக்கு அது வளர்ந்தது.

முறையீட்டின் மறைநூல் அடிப்படை

அன்று அம்மக்கள் கையில் தமிழ் விவிலியம் இருந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது எனினும், அது சீர்திருத்தச் சபையினருடையது. கத்தோலிக்க வழிபாடு இலத்தீனில் நடந்தது. மறையுரை வழியாகவும் உபதேசியார் கற்பித்த மந்திரங்கள் வழியாகவுமே மறைநூல் மக்களை எட்டியது. வாசிக்க வாய்ப்பில்லாதவர்கள் கேட்டதை நெஞ்சில் இருத்தினர். கற்பித்தவரிடமே அதை வாதமாக முன்வைத்தனர்.

பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் திருமுகம் (2:14), யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்த பகைமைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்ததாகக் கூறுகிறது. அதே பவுலின் பெயர்தாங்கிய கோயிலுக்குள் ஒரு சுவர் நின்றது. நாட்குறிப்பு காட்டும் வாதம் திருமுக மேற்கோளைவிட எளியது; ஆனால் அதன் சாரம் அதுவே. இங்கு நம்பிக்கை என்பது மறுமையை எதிர்நோக்கி இம்மையைப் பொறுத்துக்கொள்வதன்று. மறைநூல் கூறும் சமத்துவத்தை இன்றே, இக்கோயிலிலேயே கேட்டுப்பெறும் துணிவாக அது வெளிப்பட்டது.

வெற்றியின் எல்லை

இதனை முழு வெற்றியாகக் கருத இயலாது. சுவர் இடிந்தாலும் சாதி இடியவில்லை. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில், சாதிவாரியாக மக்களைப் பிரித்த கோயில் தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. அவ்வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. மேலும், சம்பா கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748-இல் பிரெஞ்சு ஆட்சியாலும் குருக்களின் வற்புறுத்தலாலும் இடிக்கப்பட்டது. சமத்துவம் கேட்டவர்களுக்குச் செவிசாய்த்த அதே திருச்சபை, அயலாரின் வழிபாட்டிடத்துக்குப் பகையாகவும் நின்றது.

முடிவுரை

1964-ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறித்தவராக இருப்போர் பட்டியல் சாதித் தகுதி பெற இயலாது. சாதி அவர்களை விட்டு நீங்கவில்லை. சட்டப் பாதுகாப்பு மட்டும் நீங்கியது. 1745-இல் எழுந்த முறையீடு இன்று கோயிலிடமும் அரசிடமும் ஒருசேர வைக்கப்படுகிறது. அம்முறையீட்டை முதலில் எழுப்பியவர்களின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் மறைநூலை எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதற்கு, வேற்றுச் சமயத்தவர் ஒருவர் எழுதிவைத்த சில வரிகள் சான்றாக நிற்கின்றன.