பெயரா, கைவழியா? அமெரிக்க நீண்ட ரைஃபிள்களின் ஊரும் ஆளும்

‘கென்டக்கி ரைஃபிள்’ என்று பெயர் பெற்ற துப்பாக்கி, கென்டக்கியில் உருவான ஒன்றன்று. 1815 சனவரி 8-ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் போரில் ஆங்கிலேயப் படை தோற்றது. கென்டக்கி வேட்டைக்காரர்களே அந்த வெற்றிக்குக் காரணம் என்று கொண்டாடி, 1821-இல் சாமுவேல் உட்வொர்த் ஒரு பாட்டு எழுதினார். பாட்டு பரவியது, அதோடு பெயரும் ஒட்டிக்கொண்டது. துப்பாக்கியின் வடிவமோ 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் தென்கிழக்கு மாவட்டங்களில், ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகளின் பட்டறைகளில் உருவானது. சுட்டவர்களின் ஊர் துப்பாக்கியின் ஊராகிவிட்டது. இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. பழைய துப்பாக்கி ஒன்றோடு ஒரு பெயர் சேர்ந்து வரும்போது, அது செய்தவர் பெயரா, வைத்திருந்தவர் பெயரா, பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னதா என்பதை எப்படி அறிவது? ‘யார் செய்தது’ என்பது ஆய்வாளர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் வட்டாரத்தையும், அடுத்துப் பட்டறையையும் நிறுவ வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது ஒரே ஆளைச் சுட்டும்போதுதான் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பொருளை முதலில் பார்ப்போம். குடியேறிகள் கொண்டுவந்த ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கி குட்டையானது, தடித்தது, பெரிய குண்டு போடுவது. உள்ளே திருகுவரி வெட்டிய அதன் குழல் அமெரிக்கக் காடுகளுக்கு வந்தபின் நீண்டது. 42 அங்குலமும் அதற்கு மேலும் வளர்ந்தது. குழலின் விட்டம் மெல்லக் குறைந்தது. ஈயமும் வெடிமருந்தும் மிச்சமாயின. வால்நட் மரத்துக்குப் பதில் அலையலையாய் வரியோடிய மேப்பிள் மரத்தில் கட்டை செதுக்கப்பட்டது. குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணியை வைக்கக் கட்டையின் பின்பகுதியில் குடைந்த சிறு பெட்டிக்கு, தொடக்கத்தில் இழுத்துத் திறக்கும் மரமூடி இருந்தது; பிறகு கீல் வைத்த பித்தளை மூடி வந்தது. கட்டையின் பின்விளிம்பு அகன்று தட்டையாக இருந்தது. காலப்போக்கில் ஒடுங்கிப் பிறைபோல் வளைந்தது. இந்த மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே திசையில் நடந்திருப்பதால் ஒரு துப்பாக்கியின் காலத்தைத் தோராயமாகச் சொல்ல முடிகிறது. மரமூடி மட்டும் இருந்துவிட்டால் அது பழையது என்று முடிவு கட்டிவிட முடியாது. பித்தளை வந்த பிறகும் மரமூடி போட்டவர்கள் உண்டு. மூடி, கட்டையின் கனம், குழல், செதுக்கு வேலை எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதே முறை.

இந்த முறை உருவாவதற்கு முன் கதைகளே கோலோச்சின. அவற்றில் பெரியது மார்ட்டின் மெய்லின் கதை. லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய சுவிஸ் மென்னோனைட் மரபினரான இவரே முதல் பென்சில்வேனிய ரைஃபிளைச் செய்தவர் என்பது நெடுங்கால நம்பிக்கை. அவருடைய துப்பாக்கிப் பட்டறை என்று ஒரு கற்கட்டடத்தைக் காட்டினார்கள். 1705 என்ற ஆண்டைக் கொண்ட ஒரு துப்பாக்கியையும் அவர் கைவேலை என்றார்கள். அப்பகுதியில் மென்னோனைட்டுகளின் குடியேற்றம் தொடங்கியதே 1710-இல்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஆண்டு உண்மையானாலும் அந்தத் துப்பாக்கி லங்காஸ்டரில் பிறந்திருக்க முடியாது. மில்லர்ஸ்வில் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் நிகழ்த்திய அகழாய்வு குறித்து 2005-இல் வெளிவந்த கட்டுரை, அக்கட்டடம் சாதாரணக் கொல்லுப்பட்டறை என்ற முடிவை முன்வைத்தது. மெய்லின் துப்பாக்கியே செய்யவில்லை என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆனால், முதல்வர் ஒருவர் வேண்டும் என்ற ஆசை முதலில் பெயரைத் தேடிக்கொண்டு, பிறகு அந்தப் பெயருக்கேற்றபடி கட்டடத்தையும் பொருளையும் சேர்த்துக்கொண்டது என்பது தெளிவாகிறது. சான்றிலிருந்து பெயருக்குப் போக வேண்டிய பாதையில் பயணம் தலைகீழாக நடந்திருக்கிறது.

சான்றிலிருந்தே பெயருக்குப் போக வேண்டும் என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு எளியது. செய்தவரே தன் பெயரைப் பொறித்திருந்தால் இவ்வளவு சுற்றுவழி எதற்கு? குழலின் மேல்முகத்தில் பெயரோ முதலெழுத்துகளோ பொறிக்கும் வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் ஒரே துப்பாக்கியில் மூன்று நான்கு பெயர்கள் இருக்க முடியும். சக்கிமுக்கிக் கல்லை அடித்துத் தீப்பொறி எழுப்பும் பொறியைப் பல கொல்லர்கள் இறக்குமதி செய்து பொருத்தினார்கள். அதன் தகட்டில் பர்மிங்காம் கெட்லண்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்தப் பொறியின் பிறப்பிடம் தெரியுமே தவிர துப்பாக்கியின் பிறப்பிடம் தெரியாது. கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் இருப்பது பெரும்பாலும் உடைமையாளர் பெயர். குழலில் இருப்பதோ குழலடித்தவர் பெயராகவும் இருக்கலாம். உடைந்த பழைய துப்பாக்கியின் நல்ல குழலை எடுத்துப் புதுக்கட்டை போடுவது அன்றாட வேலையாக இருந்தது. வெறும் முதலெழுத்துகள் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒரே மாவட்ட வரிப்பட்டியலில் அதே எழுத்துகளுக்குப் பொருந்தும் கொல்லர்கள் ஒருவருக்கு மேல் இருந்துவிட்டால், விரும்பிய பெயரைத் தேர்ந்துகொள்ளும் சலுகையை அந்த எழுத்துகளே தந்துவிடுகின்றன.

முழுப் பெயர் தெளிவாக இருக்கும்போதும் அது தனியொருவரின் கையைச் சொல்கிறதா என்ற கேள்வி எஞ்சுகிறது. 1740-இல் மைன்ஸ் நகரில் பிறந்து, சிறுவயதில் பென்சில்வேனியா வந்து, லங்காஸ்டரில் நெடுங்காலம் தொழில் செய்து 1822-இல் இறந்த ஜேக்கப் டிக்கர்ட்டை எடுத்துக்கொள்ளலாம். அவர் பெயர் பொறித்த துப்பாக்கிகள் கணிசமாகக் கிடைத்துள்ளன. அவர் ஜேம்ஸ் கில்லோடு கூட்டுச் சேர்ந்தும் தொழில் நடத்தினார். 1792-இல் அமெரிக்கப் போர்த்துறை ரைஃபிள் வாங்கியபோது, லங்காஸ்டர் கொல்லர்கள் பலரோடு அவரும் ஒப்பந்தம் ஏற்றுச் செய்து கொடுத்தார். இவ்வளவு பெரிய பட்டறையில் குழலைத் துளைப்பவரும், வரி வெட்டுபவரும், கட்டை செதுக்குபவரும், பித்தளை வார்ப்பவரும் ஒருவராகவே இருந்திருக்க முடியாது. குழலில் உள்ள டிக்கர்ட் என்ற பெயர், ‘இது என் பட்டறைச் சரக்கு, இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்கிறது. ‘ஒவ்வொரு செதுக்கும் என் உளி பட்டது’ என்று சொல்லவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் டென்னஸி வரலாற்றை எழுதியவர்கள் எல்லைப்புற வீரர்களின் ரைஃபிள்களைப் பொதுவாகவே ‘டெக்கர்ட்’ என்று அழைத்தார்கள். ஒருவரின் பெயர் ஒரு பண்டத்தின் வகைப்பெயராகவே மாறிவிட்டது.

பெயர் போதாதபோது கைகொடுப்பது கைவழி, அதாவது ஆசானிடமிருந்து மாணவருக்கு இறங்கிவரும் வேலைப்பாட்டு மரபு. அதைப் படிக்கும் முறை படிப்படியாகவே உருவானது. 1924-இல் ஜான் டில்லின் எழுதிய ‘தி கென்டக்கி ரைஃபிள்’ இத்துப்பாக்கிகள்மீது சேகரிப்பாளர்களின் கவனத்தைத் திருப்பியது. ஆனால் அதில் புகழ்ச்சி மிகுதி, பகுப்பு குறைவு. 1960-இல் யார்க் நகரத்துத் தொல்பொருள் வணிகர் ஜோ கிண்டிக் தம் பெருநூலை வெளியிட்டு, துப்பாக்கிகளை மாவட்ட வாரியாக, கொல்லர் வாரியாக வரிசைப்படுத்தினார். 1980-இல் ஜார்ஜ் ஷம்வே இரண்டு தொகுதிகளில் குடியேற்றக் காலத் துப்பாக்கிகளின் படங்களை எண்ணிட்டு வெளியிட்டார். ஷம்வேயின் எண்கள் செய்த நன்மை பெரிது. செய்தவர் தெரியாத துப்பாக்கிக்குப் பொய்ப்பெயர் சூட்டாமல், எண்ணைச் சொல்லியே விவாதிக்க முடிந்தது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவரைச் செம்புலப்பெயல்நீரார் என்று அவர் சொல்லாலேயே குறித்தார்களே, அந்த நேர்மை இதிலும் இருக்கிறது. படைப்பிலிருந்து கிடைத்ததைக் கொண்டு மட்டுமே குறிப்பது அது.

இப்படித் திரண்ட ஒப்பீட்டில் வட்டார மரபுகள் துலங்கின. லங்காஸ்டர்த் துப்பாக்கிகளின் கட்டை நேர்க்கோடுகளால் ஆனது. துணிப்பெட்டியின் பித்தளைத் தலைப்பில் டெய்சிப் பூவடிவம் அடிக்கடி வருகிறது. லீஹை பள்ளத்தாக்கில் கட்டையின் மேல்விளிம்பு கழுகு மூக்குபோல் வளைந்து இறங்கும். அடிப்பக்கத்தில் பூர்வகுடியின் தலையா சுதந்திரதேவியின் தலையா என்று இன்றும் வாதிடப்படும் ஒரு சிறுமுகம் செதுக்கப்பட்டிருக்கும். பெட்போர்டுத் துப்பாக்கி கொடிபோல் மெலிந்தது. பொறித்தகடும் ஒடுங்கி நீண்டது. தெற்கே அப்பலாச்சிய மலைகளுக்குப் போனால் பித்தளைக்குப் பதில் இரும்பு; அலங்காரமும் குறைவு; துணிப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பல துப்பாக்கிகளில் கொழுப்பு வைக்கும் ஒரு குழிதான். பூவும் வளைவும் வெறும் அலங்காரம், யாரும் பார்த்துச் செய்துவிடலாம் என்பவர்கள் கைவேலை கற்கும் முறையை மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக்குச் சேர்ந்த சிறுவன் ஆசானின் அச்சுகளையும் வரைபடிகளையும் வைத்தே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தான். பூவைப் பார்த்துப் போடலாம். கட்டையின் மேல்விளிம்பு கைப்பிடியோடு சேரும் இடத்தில் உளி எப்படித் திரும்ப வேண்டும் என்பது கையில் ஊறிய பழக்கம். ஆகவே கண்ணைக் கவரும் அலங்காரத்தைவிடக் கண்ணில் படாத கட்டுமானமே உறுதியான சான்று.

இரண்டாம் மறுப்பு முதலாவதைவிடக் கனமானது. பென்சில்வேனியாவின் ரெடிங் நகரத்தை வைத்தே அதைச் சொல்லலாம். ரெடிங் பாணியில் இருப்பதால் இது ரெடிங் துப்பாக்கி. ரெடிங் துப்பாக்கிகள் இப்படி இருப்பதால் இதுவே ரெடிங் பாணி. இது வட்டத்தில் சுற்றும் வாதமல்லவா? ஆம், அப்படிச் சுற்றியதும் உண்டு. கையெழுத்தில்லாத ஒரே குடும்பத்துத் துப்பாக்கிகள் பலவற்றை கிண்டிக் ரெடிங் நகரத்து வூல்ஃப்காங் ஹாகாவுக்கு உரிமையாக்கினார். ஹாகா அவ்வூரில் இருந்த கொல்லர் என்பதற்கு ஆவணம் உண்டு; அத்துப்பாக்கிகள் அவ்வூருடையவை என்பதற்கும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டையும் பிணைக்க, ஹாகாவின் பெயர் பொறித்த துப்பாக்கி ஒன்று வேண்டும். அது இல்லாமலே பிணைப்பு நடந்துவிட்டது. இதனால் வட்டார ஆய்வு பயனற்றதாகிவிடாது. குற்றம் வட்டாரத்தைக் கண்டதில் இல்லை. வட்டாரத்திலிருந்து சான்றின்றி ஆளுக்குத் தாவியதில் இருக்கிறது. வட்டத்தை உடைக்க வழி, பெயரும் ஊரும் ஆண்டும் ஒருங்கே பொறித்த துப்பாக்கிகளை நங்கூரமாக வைத்துக்கொள்வது. ஜான் ஷ்ரைட் தன் பெயரோடு ரெடிங் என்ற ஊரையும் 1761 என்ற ஆண்டையும் பொறித்த துப்பாக்கி அப்படிப்பட்டது. அதிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று பிற துப்பாக்கிகளை அளந்தால், பாணியை அதற்கு வெளியே நிற்கும் சான்றோடு கட்ட முடிகிறது.

நங்கூரத்தோடு ஆவணமும் சேரும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு நசரேத் அருகிலிருந்த கிறிஸ்தியன்ஸ் ஸ்பிரிங் நல்ல எடுத்துக்காட்டு. இது மொரேவியச் சபையாரின் குடியிருப்பு. நாட்குறிப்பு, கணக்கு, சரக்குப் பட்டியல் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்கள் அவர்கள். ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட் 1750-இல் ஐரோப்பாவிலிருந்து வந்தார், அங்குப் பட்டறையை நடத்தினார், 1766-இல் விடுதி நடத்த பெத்லஹேம் போனார், 1771-இல் லிட்டிட்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்குப் பின் பட்டறைப் பொறுப்பு அவரிடம் கற்ற கிறிஸ்தியன் ஓர்ட்டருக்கு வந்தது. அவர் 1777-இல் முப்பது வயதிலேயே இறந்தார். இந்த ஆண்டுகள் தெரிவதால், கையெழுத்தில்லாத ஒரு மொரேவியத் துப்பாக்கியை எந்தக் கைக்கு உரியது என்று ஒரு வரம்புக்குள் கொண்டுவர முடிகிறது. இவ்வளவு வளமான ஆவணம் இருந்தும் சில துப்பாக்கிகள் ஆசானுடையவையா மாணவருடையவையா என்று பிரிக்க முடியாமலே நிற்கின்றன. ஒரே கூரையின்கீழ் சேர்ந்து செய்த வேலையில் ஒரே ஆளைத் தேடுவதே தவறான கேள்வியாக இருக்கக்கூடும்.

கொல்லர்கள் ஊர் மாறினார்களே, அப்புறம் வட்டாரம் என்பதற்கு என்ன பொருள் என்பது மூன்றாம் மறுப்பு. பிலடெல்பியாவிலிருந்து லங்காஸ்டர், யார்க் வழியாக ஷெனண்டோவாப் பள்ளத்தாக்கில் இறங்கி வடகரோலினா வரை போன பெரிய வண்டிப் பாதையில் குடும்பங்களோடு தொழிலும் போனது. ஆகவே வர்ஜீனியாவில் கிடைத்த துப்பாக்கியில் லங்காஸ்டர்ச் சாயல் இருப்பது வியப்பன்று. இது முறையைத் தகர்ப்பதில்லை, கூர்மையாக்குகிறது. கற்ற ஊர், செய்த ஊர், கிடைத்த ஊர் மூன்றும் வேறு வேறு என்று பிரித்தெழுத இது கட்டாயப்படுத்துகிறது. பாணி சொல்வது முதலாவதை; ஆவணம் சொல்வது இரண்டாவதை; குடும்பக் கதை பெரும்பாலும் மூன்றாவதையே சொல்கிறது.

பழுதுபார்ப்பும் போலியும் எல்லாச் சான்றையும் கெடுத்துவிடவில்லையா என்பது கடைசி மறுப்பு. கேப் வைத்து அடிக்கும் பொறி 19-ஆம் நூற்றாண்டில் வந்தபோது பழைய கல்பொறிகள் மாற்றப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் திரும்பக் கல்பொறியாக்கினார்கள். விலை ஏறியதும் வெறுங்குழலில் பெயர்கள் முளைத்தன. இந்த ஐயம் எவ்வளவு ஆழமானது என்பதை ஓர்ட்டரின் துப்பாக்கி ஒன்றே காட்டும். பெயரும் 1775 என்ற ஆண்டும் பொறித்த அது, 1971-இல் வேலி ஃபோர்ஜ் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோனது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துப் பழம்பொருள் விற்பனை ஒன்றில் அதை வாங்கிய வணிகர், முதலில் பிற்காலப் பிரதி என்றே எண்ணினார். கையெழுத்து இருந்தும் நம்பிக்கை பிறக்கவில்லை. நம்பிக்கை தந்தது, வேலைப்பாட்டையும் பழைய பதிவுகளையும் வைத்துச் செய்த ஒப்பீடு. பெயரை எளிதில் வெட்டிவிடலாம். கட்டுமானம், தேய்மானம், பழைய புகைப்படம் மூன்றையும் சேர்த்துப் போலி செய்வது அரிது.

ஆவணங்களுக்கும் குருட்டுப்புள்ளி உண்டு. வரிப்பட்டியல் சொத்துள்ளவர்களைப் பதிந்தது. கூலிக்கு வந்துபோன கைவினைஞரும் பயிற்சிச் சிறுவரும் அதில் இடம்பெறவில்லை. தெற்கே அடிமைகளை அது ஆட்களாக எண்ணவில்லை, உடைமையாக எண்ணியது. ஆகவே பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கித் துப்பாக்கிமேல் ஒட்டும்போது, பெயரில்லாத பலரின் உழைப்பு மேலும் ஒருமுறை மறைக்கப்படுகிறது.

இவற்றால் பெறப்படும் முடிவு அருங்காட்சியகச் சீட்டிலும் ஏல விவரத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும். பெயரும் வேலைப்பாடும் ஆவணமும் ஒத்துப்போனால் ‘இன்னார் செய்தது’ என்று எழுதலாம். பெயர் மட்டும் உறுதியானால் ‘இன்னார் பட்டறை’. கட்டுமானம் மட்டும் பேசினால் ‘இவ்வட்டார மரபு, இக்காலம்’. அதற்கு மேல் எழுதப்படும் பெயர் எதுவும் விலையை ஏற்றும், அறிவைக் கூட்டாது.