அறாத இழை

1943 மார்ச்சில், சோவியத் போர்முனையில், ஸசெட்ஸ்கி என்னும் இளம் வீரரின் மண்டையின் இடப்புறத்தைத் துளைத்தது ஒரு தோட்டா. கற்ற எழுத்துகள் மறந்தன. தாம் எழுதியதைத் தாமே வாசிப்பதும் அரிதாயிற்று. ஆயினும் 25 ஆண்டுகள் போராடி, ஏறத்தாழ 3000 பக்கங்களில் தம் கதையை எழுதினார். அதை நரம்புளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1971இல் நூலாக்கினார்.

மூளையின் முன்மடல் சிதைந்த வேறு சிலரிடம், பொன்முட்டையிடும் கோழியின் கதையைக் கூறி, திருப்பிச் சொல்லுமாறு கேட்டார் லூரியா. சொற்கள் தங்குதடையின்றி வந்தன. கதையோ தடம்மாறி எங்கெங்கோ சென்றது.

சரளத்தைக் கொண்டு கதைத்திறனை அளந்தால் ஸசெட்ஸ்கி தோற்றிருப்பார். நிகழ்வுகளைக் கோக்கும் இழை அறாதிருக்கிறதா என்பதையே நாம் முதலில் பார்க்கவேண்டும் எனக் கருதுகிறோம்.