கீழ்ப்பாக்கம் எட்டாத தெற்கு

கம்பெனி ஆட்சியில் வெள்ளைக்காரருக்குப் புத்தி பேதலித்தால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1818 முதல் லண்டன் ஹாக்னியில் இருந்த பெம்புரோக் ஹவுஸ் என்ற தனியார் விடுதி அவர்களை ஏற்றுக்கொண்டது, செலவு கம்பெனியுடையது. நம்மவருக்குக் கப்பல் ஏது? புரசைவாக்கத்தில் மருத்துவர் வாலன்டைன் கொனலி 1794-இல் தொடங்கிய காப்பகம்தான். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அங்கும் ஐரோப்பியருக்குத் தனியிடம்.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் மேலும் இரண்டு காப்பகங்கள் எழுந்தன. ஒன்று விசாகப்பட்டினத்தில், மற்றொன்று கோழிக்கோட்டில். மதுரைக்குத் தெற்கே எதுவுமில்லை. மாநிலங்கள் பிரிந்தபோது 1953-இல் விசாகப்பட்டினமும் 1956-இல் கோழிக்கோடும் கைவிட்டுப் போக, தமிழ்நாட்டுக்கு மிஞ்சிய அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கம் ஒன்றே. வெள்ளைக்காரன் போனான்; நிறத்தின் இடத்தில் தூரமும் துட்டும் வந்து உட்கார்ந்தன.

காரியாபட்டியிலிருந்து பார்த்தால் இது விளங்கும். 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை இவ்வூர் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. வானம் பார்த்த பூமியில் கூலிக்குப் போகும் குடும்பம், பித்துப் பிடித்த பிள்ளையைச் சென்னைக்குக் கொண்டுபோவது லேசான காரியமா? ரயில் செலவு, கூட இருப்பவரின் கூலி இழப்பு. அதற்கு மேல், 1912-இன் பைத்தியச் சட்டப்படி பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவும் வேண்டும். அதே மாவட்டத்துக் கடலோரத்தில், பித்துத் தெளிய மக்கள் நாடும் ஏர்வாடி தர்கா இருந்தது. பஸ் போகும், காகிதம் கேட்க மாட்டார்கள், சாதி மதமும் கேட்க மாட்டார்கள். கனவில் உத்தரவு வரும்வரை தங்கலாம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது, கதவே வைக்காமல் கட்டிவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது போலத்தான்.

ஆனால் அங்கேயும் வியாபாரம் புகுந்தது. தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதற்கு முன்பே 1992-இல் மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். 1990-களின் பிற்பாதியில் மாவட்ட மனநலத் திட்டம் திருச்சியில் கால் ஊன்றியிருந்தது. தீக்குப் பிறகுதான் தெற்கின் மீது அரசின் பார்வை சரியாக விழுந்தது. சங்கிலியைச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்ய 2017 ஆனது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்.