4130 ராமானுஜன்: சில குறிப்புகள்

1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலைக் காவலூர் வான்நோக்ககத்தில் ஆர். ராஜமோகன் கண்டறிந்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். எண் 4130. எண்ணைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். பல இரவுகளில் இடத்தை அளந்து, கணக்குப் போட்டு, சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் கொடுப்பார்கள். ஒரு மங்கலான புள்ளிக்கு அவ்வளவு பொறுமை.

சென்னைப் பல்கலைக்கழகக் கல்விமுறை அந்த மனிதருக்குக் காட்டிய பொறுமை வேறு. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காததால் அதை இழந்தார். அப்புறம் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. கடைசிவரை தேறவில்லை. 1912இல் துறைமுகக் குமாஸ்தா. 1913இல் ஹார்டியின் பதில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த பிறகே அதே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது.

இதை ‘மேதையின் சோகம்’ என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பரீட்சை என்கிற அதிகாரம் தப்பித்துவிடுகிறது. அவருக்காவது ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர் என்று பரிந்துபேச ஆள் இருந்தது. அந்தத் தொடர்புகளில் சாதிக்கும் பங்குண்டு. காவலூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்காகக் கடிதம் எழுத யார் இருக்கா? கணக்கு நன்றாக வந்தாலும் இங்கிலீஷில் விழுந்தால் அதோட சரி.

சிறுகோளைப் பல இரவு பார்க்கிறோம். பிள்ளையை மூன்று மணி நேரம்தான் பார்க்கிறோம்.